எந்த டிஸ்க்கில் எந்தப் பைல்?

வீட்டில் சிடி, டிவிடிக்கள் குவிந்துவிட்டனவா? ஒரு பாடலைத் தேட ஒவ்வொன்றாக டிரைவில் போட்டுப் பார்க்க வேண்டாம். விர்ச்சுவல் வால்யூம்ஸ் வியூ என்ற இலவச புரோகிராம் இதற்கு உதவும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும்.

முதலில் புதிய கேட்டலாக் பைல் ஒன்றை உருவாக்கவும். டிஸ்க்கை டிரைவில் போட்டு, அதனை கேட்டலாக்கில் சேர்க்கும் கட்டளையைத் தரவும். போல்டர், பைல் பெயர்கள் பதிவாகும். எம்பி3 பைல்களில் இருக்கும் பாடகர், ஆல்பம் விவரங்களும் சேரும். பின்னர் டிஸ்க் டிரைவில் இல்லாமலேயே தேடலாம்.

டிவிடி பிளேயரில் ஓடும் திருமண டிவிடிக்களில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அவற்றில் வீடியோ பைல்களின் பெயர் எல்லா டிஸ்க்கிலும் விடிஎஸ்_01_1 என்றே தொடங்கும். எனவே சேர்க்கும்போது டிஸ்க்கிற்கு “அக்கா திருமணம் 2006” என்பது போலப் பெயர் கொடுங்கள். அதே பெயரை உறையிலும் எழுதுங்கள்.

கேட்டலாக்கில் இருப்பது விவரம் மட்டுமே, வீடியோ அல்ல. நாம் ரைட் செய்த டிஸ்க்குகளில் உள்ள சாயப் படலம் வெயில், வெப்பத்தால் கெடும். பட்டியல் தயாரானதும், மீண்டும் கிடைக்காத குடும்ப வீடியோக்களை முதலில் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்திடுங்கள். சினிமாப் பாடல்கள் காத்திருக்கட்டும்.