விழப்போகிற பல்லுக்கு ஏன் இத்தனை பாடு?

பிள்ளைக்கு முதற்பல் முளைத்துவிட்டால் நம் வீடுகளில் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். பல்லைப் போலச் சின்னச் சின்னத் தேங்காய்ச் சொட்டுகளைக் குத்திய கொழுக்கட்டைகள் பிள்ளையின் தலையில் சொரியப்படும். புத்தகம், பேனை, நகை என்று முன்னால் பரப்பிவைத்து, எதில் கை போகிறது என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். கொழும்பில் மாடிவீட்டுக்குக் குடிவந்த பிறகும் இந்தச் சடங்கை விட்டவர்கள் குறைவு. ஆனால் இவ்வளவு கொண்டாட்டத்தோடு வரவேற்ற பல்லை அடுத்தமுறை யாராவது கவனித்துப் பார்ப்பது, பெரும்பாலும் அது வலிக்கத் தொடங்கிய இரவில்தான்.

இரத்மலானையில் காலி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு ஒழுங்கையில் உள்ள முன்பள்ளி வாசலில் இதைப் பற்றி ஒரு வாக்குவாதம் கேட்டேன். பேரனை விட வந்த அம்மம்மாவிடம் ரீச்சர் சொன்னார்: "அம்மா, இவருடைய முன்பல்லு நாலும் கறுத்துப்போச்சு. ஒருக்கா பல் டொக்டரிட்டக் காட்டுங்கோவன்." அம்மம்மா அசையவில்லை. "பாற்பல்லுத்தானே பிள்ளை. விழப்போற பல்லுக்கு என்ன டொக்டர்?"

காலி வீதியின் இந்தப் பகுதியை அறிந்தவர்களுக்கு அதன் வாசமும் தெரியும். காற்று ஒரு பக்கம் திரும்பினால் பிஸ்கட் சுடுகிற மணம் வரும். அந்தப் பையன் தோளில் தொங்கிய பெட்டிக்குள்ளும் கிறீம் பிஸ்கட்தான் இருந்தது.

அம்மம்மாவைக் குறைசொல்ல மனமில்லை. நாட்டில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதன் விளைவு எண்ணிக்கையிலும் தெரிகிறது. சுகாதார அமைச்சு 2015–2016இல் நடத்திய தேசிய வாய்ச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 63 வீதமானோருக்குச் சூத்தைப்பல் இருந்தது. முதலாம் தரத்துக்குப் போகும் முன்பே கிட்டத்தட்ட மூன்றில் இருவர் வாயில் நோய். உலகக் கணக்கும் ஆறுதல் தருவதாக இல்லை. பாற்பல் சூத்தையோடு வாழும் பிள்ளைகள் 51 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

முன்பற்கள் நான்கும் கறுத்தன என்றால், பல் வைத்தியர் முதலில் கேட்பது சூப்பிப் போத்தலைப் பற்றித்தான். சீனி போட்ட பால்மாவோ பால்தேத்தண்ணியோ நிரப்பிய போத்தலை வாயில் வைத்துக்கொண்டே பிள்ளை தூங்கிவிடும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகவே சுரக்கும். இனிப்புப் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கிநிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிவிடும். மேலே கறுப்பு, கீழே வெள்ளை என்ற இந்த அடையாளத்தைக் கண்டாலே காரணம் பாதி விளங்கிவிடும்.

உள்ளே நடப்பது எளிய இரசாயனம். பல்லில் படியும் பிசுபிசுப்பான படலத்தில் பக்ரீரியாக்கள் வாழ்கின்றன. சீனி கிடைத்தால் அவை அதை அமிலமாக்கும். அமெரிக்க ஆய்வாளர் றொபேட் ஸ்ரீபன் 1940களில் இதை அளந்து காட்டினார்: இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களிலேயே படலத்தின் பிஎச் அளவு சரிகிறது, அதாவது அமிலத்தன்மை கூடுகிறது. 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலுறையான எனாமலில் உள்ள கல்சியமும் பொஸ்பேற்றும் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் அமிலத்தை மெல்ல மெல்லத் தணித்து, கரைந்ததில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும். இதற்கு அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும். அதற்குள் இன்னொரு பிஸ்கட் போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பாற்பல்லின் எனாமலோ நிலையான பல்லினதில் பாதித் தடிப்புத்தான். பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் நடக்கும் அரிப்பு, பிள்ளைக்கு மாதக்கணக்கில் முடிந்துவிடும்.

எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம் என்பதை மருத்துவம் அறிந்த விதம் பெருமைப்படத்தக்கதல்ல. சுவீடனின் லுண்ட் நகரில் விபெஹொல்ம் என்ற, அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ளோருக்கான மருத்துவமனையின் நோயாளிகளுக்கு, 1940களின் பிற்பகுதியில், அவர்கள் சம்மதம் கேட்காமலே ஒட்டும் ரொபிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். சாப்பாட்டோடு சேர்த்துச் சீனி கொடுக்கப்பட்டவர்களுக்குச் சூத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையில் ரொபி சப்பியவர்களின் பற்கள் சிதைந்துபோயின.

நம் மலையகத்திலும் ஒரு ஆய்வு நடந்தது. பல் மருத்துவ மாணவர்கள் உலகெங்கும் இன்றும் அதைப் படிக்கிறார்கள். நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோவும் குழுவினரும் 1970 முதல் 15 வருடங்கள், தேயிலைத் தோட்டங்களில் வேலைசெய்த 480 தமிழ் ஆண்களின் வாய்களைத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். பிறஸ், பற்பசை எதுவும் அவர்கள் பாவிக்கவில்லை. பெரும்பாலானோருக்கு முரசு வருடாவருடம் கீழிறங்கிக்கொண்டே போனது. சுமார் 8 வீதமானோருக்கு அது மிக வேகமாக நடந்தது. 11 வீதமானோருக்கு முரசு வீங்கியதோடு நின்றது. அந்த ஆய்வில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு வரி உண்டு. அவர்களுக்குப் பற்சூத்தை அநேகமாக இருக்கவேயில்லை. அழுக்குப் படலம் தனியே முரசைக் கெடுக்கும். பல்லைத் துளைப்பதற்கு அதற்குச் சீனியும் வேண்டும். அந்தத் தொழிலாளரின் பற்கள் பாடப்புத்தகங்களில் வரைபடங்களாக இருக்கின்றன. பெயர்கள் இல்லை.

இதை முன்பள்ளிக்குக் கொண்டுவந்தால் அங்கே இரண்டு கேள்விகளே முக்கியம். பத்து மணி இடைவேளைக்குப் பெட்டியில் என்ன இருக்கிறது? அந்த நாளில் ஒருதடவையாவது புளோரைட் பற்பசை பல்லில் படுகிறதா?

ஆனால் நம் முன்பள்ளிகளில் பல் என்றால் வருடத்தில் ஒரு நாள் நடக்கும் விழா. பிளாஸ்ரிக்கில் செய்த பெரிய தாடையும் முழநீளப் பிறஸும் வரும். பிள்ளைகள் பாட்டுப் பாடுவார்கள், படம் எடுக்கப்படும், போகும்போது ஆளுக்கொரு சின்னப் பற்பசை. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறிவுரையால் அறிவு கூடும், சூத்தை குறைவது அபூர்வம் என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாட்டு நினைவிருக்கும், பிறஸ் நினைவிருக்காது.

ஸ்கொட்லாந்து வேறு வழியைப் பிடித்தது. சைல்ட்ஸ்மைல் என்ற அரச திட்டத்தின் கீழ் நேர்சரிகளில் தினமும் ரீச்சர் பார்த்திருக்கப் பிள்ளைகள் பல் துலக்குகிறார்கள். முதலாம் வகுப்புப் பிள்ளைகளில் சூத்தை தென்படாதவர்கள் 2003இல் 45 வீதம். 2020இல் அது 73 வீதத்தைத் தாண்டியது. திட்டத்துக்குச் செலவான பணத்தைவிடச் சிகிச்சையில் மிச்சமான பணம் அதிகம் என்றும் பின்னர் கணக்கிட்டார்கள். ஸ்கொட்லாந்து பணக்கார நாடுதானே என்று சொல்பவர்களுக்குப் பிலிப்பீன்ஸ் இருக்கிறது. அங்கே அரச பாடசாலைகளில், துளையிட்ட நீண்ட குழாயின் கீழே பிள்ளைகள் வரிசையாக நின்று கை கழுவிப் பல் துலக்கும் திட்டம் 2000களின் கடைசியிலிருந்து நடந்துவருகிறது. பல் வைத்தியர் அங்கே நிற்பதில்லை, ரீச்சர்தான் நிற்கிறார்.

இருபது பிள்ளைகள் உள்ள ஒரு முன்பள்ளிக்கு இதெல்லாம் எவ்வளவு பாரம்? தண்ணீர்க் குழாயே தேவையில்லை. பிள்ளைகள் கதிரையில் இருந்தபடியே துலக்கலாம், கடதாசியில் துப்பலாம். ஒவ்வொரு பிறஸிலும் பெயரோ படமோ இருக்கவேண்டும். ஒன்றின் தலை மற்றதில் முட்டாதபடி, காற்றுப் படும் இடத்தில் நிமிர்த்தி வைக்கவேண்டும். ரியூப்பை நேரே பிறஸில் அழுத்தாமல், ஒரு தட்டில் பொட்டுப் பொட்டாக வைத்து ஒவ்வொருவரும் தன் பொட்டை வழித்தெடுக்க விட்டால் எச்சில் கலக்காது. மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, அதற்கு மேலே பட்டாணி அளவு. இரண்டு நிமிடம்.

பற்பசைப் பெட்டியின் பின்பக்கத்தையும் படித்துப் பார்க்கவேண்டும். புளோரைட் குறைந்தது 1000 பிபிஎம் இருக்கவேண்டும். ஸ்ரோபெரி வாசத்தோடு பிள்ளைகளுக்கென்று விற்கப்படும் சிலவற்றில் அதில் பாதிதான் இருக்கும். அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்துக் கிணற்று நீரில் புளோரைட் கூடிப் பற்கள் பழுப்பேறுவதைக் கண்டவர்கள் இதைக் கேட்டுப் பயப்படுவதுண்டு. கொழும்பின் ஆற்றுநீரில் அந்தப் பிரச்சினை இல்லை. இங்கே பிள்ளைக்குப் புளோரைட் வருவதென்றால் பற்பசையிலிருந்துதான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் புளோரைட் பற்பசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. வேப்பங்குச்சிக்காரர்கள் மன்னிக்கவேண்டும்.

இடைவேளைப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவித்த கடலை, பயறு, இடியப்பம், வாழைப்பழம், எல்லாம் வீட்டில் இருப்பவைதான். போத்தல் பானங்களில் 2016 முதல் சீனி அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போடப்படுகிறது. சிவப்பு வட்டத்தை வாசல் தாண்டவிடாத முன்பள்ளிக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை, ரீச்சரின் ஒரு சொல் போதும்.

பிள்ளைகளின் பல்லுக்கென்று இந்த நாட்டில் நல்ல சேவை ஒன்றும் இருக்கிறது. நியூசிலாந்து 1921இல் பாடசாலைப் பல் தாதியரைப் பயிற்றத் தொடங்கியது. 1950களில் கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவி ஏற்பாட்டின் ஊடாக அதே முறை இங்கே வந்தது. இரத்மலானையிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளியுள்ள மகரகமையில் பயிற்சி பெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள், பல தலைமுறைப் பிள்ளைகளின் பல்லை அடைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சேவையின் கண் முக்கியமாக முதலாம், நான்காம், ஏழாம் தரங்களின் மீதே இருக்கிறது. நம் முன்பள்ளிகளிற் பெரும்பாலானவை தனியாருடையவை, வீட்டு முன்னறையிலும் கோயில் மண்டபத்திலும் நடப்பவை. ஆனால் முன்பள்ளிக்குப் போகும் அந்த மூன்று, நான்கு வயதில்தான் சூத்தை வேலையைத் தொடங்கிவிடுகிறது.

அதைத் தொடக்கத்திலேயே பிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பிள்ளையின் மேலுதட்டை விரலால் உயர்த்தி, பல்லும் முரசும் சேருமிடத்தைப் பார்க்கவேண்டும். அங்கே சுண்ணாம்புக் கோடு போல வெள்ளை தெரிந்தால் எனாமல் கரையத் தொடங்கியிருக்கிறது. அந்த நிலையில் போத்தலை நிறுத்தி, புளோரைட்டும் பட்டால், பல் திரும்பவும் இறுகும். பழுப்புக் குழி விழுந்த பிறகு தானாக மூடாது.

அம்மம்மாவின் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், உண்மைதான். ஆனால் பின்னாலுள்ள பாற்கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை நின்று, அடுத்துவரும் பல்லுக்கு இடம் பிடித்துவைத்திருப்பவை. முன்கூட்டியே போனால் பக்கத்துப் பல் சரிந்து வழியை அடைத்துவிடும். ஆறு வயதளவில் அவற்றுக்கும் பின்னால் முதலாவது நிலையான கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் வரும். எந்தப் பல்லும் விழாமலே வருவதால், அதையும் பாற்பல் என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். அது போனால், விழுந்த பாற்பல்லுக்குக் கேட்பது போல அணிலிடம் கேட்டாலும் திரும்பி வராது.

அந்த முன்பள்ளிக்கு இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன். யன்னலோரமாக, முட்டை மட்டையைக் கவிழ்த்துத் துளையிட்டு, இருபது சின்னப் பிறஸ்களை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். பேரன் துலக்கித் துப்பி முடித்தான். கூட்டிப்போக வந்த அம்மம்மா ஒரு கப்பில் தண்ணீர் மொண்டு நீட்டினார்.

"அம்மா, கொப்புளிக்க வேண்டாம். பசை கொஞ்சம் பல்லில நிக்கட்டும், துப்பினாக் காணும்," என்றார் ரீச்சர்.

"கொப்புளிக்காம ஒரு பல்லு விளக்கோ?" என்று கேட்டபடி, அம்மம்மா கப்பைப் பின்னுக்கு இழுத்தார். வாசலைத் தாண்டியதும் பேரனின் வாயைத் தன் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துவிட்டார்.