மேசைப் போர்க்களத்தில் ஓர் ஆலமரம்

உடப்புத் திரௌபதையம்மன் ஆலயத்தின் ஆடி விழாவையும் தீமிதிப்பையும் அறிந்தவர்களுக்குப் பாரதக் கதையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பதினெட்டாம் நாட்போர் முடிந்த இரவிலே அசுவத்தாமன் ஓர் ஆலமரத்தின் கீழ்த் தங்கினான். உறங்கிய காக்கைகளைக் கோட்டான் ஒன்று கொன்று குவித்ததை அவன் கண்டது அங்கேதான். துயிலும் பாசறையைத் தாக்கும் எண்ணம் பிறந்ததும் அங்கேதான். திரௌபதையின் மைந்தர் ஐவரும் அவ்விரவிலே மாண்டனர். களத்தில் நிற்கும் ஒரு மரம் இவ்வளவும் செய்ய வல்லது.

மேசைமேல் சிறு உருவங்களை நிறுத்தி, விதிப்படி போர் நடத்தும் விளையாட்டிலும் மரத்துக்கு இந்த மதிப்பு உண்டு. மரம் பார்வையை மறைக்கும். படைக்கு ஒதுக்கிடம் தரும். 1812இல் பிரஷ்ய மன்னருக்கு ரைஸ்விட்ஸ் என்பவர் நிலத்தோற்றம் அமைந்த போர் மேசை ஒன்றை அளித்தார். அவர் மகன் 1824இல் விதிகளை வகுத்து வெளியிட்டார். 1913இல் இவ்விளையாட்டைப் பற்றி நூல் எழுதிய ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், தோட்டத்துக் குச்சிகளையே மரங்களாக நட்டார்.

நமக்கோ தென்னந்தும்பு இருக்கிறது. அதைவிடச் சிறந்த பொருளைக் கடையில் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

முதலில் அளவு. 72இல் ஒரு பங்கு என்னும் கணக்கில் ஐந்தரை அடி மனிதன் 2.3 சென்ரிமீற்றர் உயரமே நிற்பான். 20 மீற்றர்த் தென்னை 28 சென்ரிமீற்றர் ஆகிவிடும். அத்தனை உயரம் மேசைக்கு இடைஞ்சல். உயரத்தைப் பாதியாக்கலாம்; சாயலைக் கெடுக்கலாகாது.

ஆலமரத்துக்குப் பழைய மின்கம்பியின் மெல்லிய செப்பிழைகளில் முப்பது போதும். அவற்றை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, நடுவில் முறுக்குங்கள். கீழே பிரிப்பவை வேர்கள், மேலே பிரிப்பவை கிளைகள். மரத்தூளைப் பசையிற் குழைத்துப் பூசி, ஈரம் உலருமுன் ஊசியாற் கீறினால் பட்டை தோன்றும். மண்ணிறத்தை அப்பிவிடாதீர்கள், அடிமரத்தை உற்று நோக்குங்கள், சாம்பல் நிறமே மிகுதியாயிருக்கும். பசையில் தோய்த்த தும்பிழைகளைக் கிளைகளிலிருந்து தொங்கவிட்டால் விழுதுகள். கிளை நுனிகளில் தும்புத் திரளை ஒட்டி, பச்சைச் சாயமேற்றிய மரத்தூளைத் தூவினால் இலைகள். ஒரே பச்சையாக வேண்டாம். இரண்டு மூன்று கலந்திருக்கட்டும்.

குருசேத்திரத்தில் தென்னை ஏது என்று கேட்பீர்கள். நம் கரையையே களமாக அமைப்போருக்கு அது வேண்டும். ஒற்றைக் கம்பியிற் கடதாசி நாடாவைச் சுற்றி, சற்றே சாய்த்து நடுக. நிமிர்ந்து நின்றால் அது கடற்கரைத் தென்னையாகாது. சவுக்குக்கு இரு கம்பிகளிடையே தும்பை வைத்து முறுக்கி, கூம்பாக நறுக்கினாற் போதும்.

மரம் சாயாதிருக்க அடியில் இரும்பு வாஷர் ஒன்றை ஒட்டுங்கள். ஆனால் மேசையோடு ஒட்டிவிடாதீர்கள். படை காட்டினுள் நுழையும்போது மரத்தைத் தூக்கி அப்பால் வைக்க வேண்டியிருக்கும். ஆலுக்கு மட்டும் விழுதுகளிடையே மூன்று உருவங்கள் நிற்க இடம் விடுங்கள். அன்றிரவு அங்கே தங்கியவர் அசுவத்தாமன், கிருபன், கிருதவர்மன் என மூவர்.