தலை அரிக்கிறதா? எண்ணெய்ப் போத்தலை எடுக்குமுன்

"தலை காய்ஞ்சு போச்சுது பிள்ளை, நல்லா எண்ணெய் வைச்சு முழுகு." யாழ்ப்பாணத்தில் தலை சொறியும் எவருக்கும் வீட்டில் முதலில் கிடைக்கும் வைத்தியம் இதுதான். சிலருக்கு அது கேட்கும். சிலருக்கோ அடுத்த கிழமையே சொடுகு இரட்டிக்கும். அரிப்பு ஒன்றாக இருந்தாலும் அதைக் கொண்டுவரும் காரணங்கள் பல. எந்த அரிப்பு என்று தெரியாமல் செய்யும் வைத்தியம் காசையும் கரைக்கும், தோலையும் கெடுக்கும்.

கிணற்றடியில் தொடங்கும் வரட்சி

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. நாம் குளிப்பது சுண்ணக்கல் பாறைக்குள் தேங்கிய நிலத்தடி நீரில். மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு இறங்குவதால் கல்சியமும் மக்னீசியமும் கலந்து வன்னீராகிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படலம் அதுதான். குடிநீரின் வன்மை லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது இலங்கையின் எஸ்எல்எஸ் 614 நியமம். வலிகாமத்தில் இதைத் தாண்டும் கிணறுகள் பல.

வன்னீரில் சவர்க்காரம் இலகுவில் நுரைக்காது. அது கல்சியத்தோடு கூடிப் பிசுபிசுத்த அழுக்காகத் திரளும். வாளியின் விளிம்பில் ஒட்டும் அதே படிவு மயிரடியிலும் ஒட்டும். நுரை வரவில்லையே என்று இன்னும் போட்டுத் தேய்ப்போம். தோலின் இயல்பான நெய்ப்பும் கழுவுப்பட்டுப் போகும். சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். உடம்புச் சவர்க்காரத்தைத் தலைக்குப் போடாதீர்கள். ஷாம்பு வன்னீரில் அப்படித் திரளாது. மென்மையான ஷாம்புவைக் கிழமைக்கு 2 தடவை போட்டு, கொதிநீர் ஊற்றாமல் நன்றாக அலசினால் போதும்.

தலை அரிப்பைக் காட்டி யாராவது விலை கூடிய நீர் மென்மையாக்கும் கருவியை விற்க வந்தால் ஒருமுறை யோசியுங்கள். தோல் அழற்சி உள்ள 336 பிள்ளைகளை வைத்துப் பிரித்தானியாவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு, வழக்கமான சிகிச்சைக்கு மேலாக அக்கருவியால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று கண்டது.

கறுப்புத் துணிச் சோதனை

தோளில் ஒரு கறுப்புத் துணியை விரித்து, காய்ந்த தலையைக் குனிந்து சீப்பால் வாருங்கள்.

மாப்போல நுண்ணிய வெள்ளைப் பொடி விழுந்து, கைகால் தோலும் வரண்டிருந்தால் அது வெறும் வரட்சி. எண்ணெய் உதவுவது இதற்குத்தான். முழுகுவதற்கு அரை மணித்தியாலம் முன்பு கொஞ்சமாக வைத்துக் கழுவிவிடுங்கள்.

மஞ்சள் சாயலில், எண்ணெய்ப்பசையுள்ள செதிள் விழுந்து, புருவத்திலும் மூக்கோரத்திலும் சிவந்திருந்தால் அது சொடுகின் முற்றிய வடிவமாக இருக்கலாம். மலசீசியா என்ற பூஞ்சை எல்லோர் தலையிலும் உண்டு. தோலில் ஊறும் கொழுப்பே அதன் சாப்பாடு. இரவிரவாக எண்ணெயை ஊறவிட்டால் சிலருக்கு அதற்கு விருந்து வைத்தது போலாகிவிடும். 2 வீத கீற்றோகோனசோல் ஷாம்புவைத் தலைத்தோலில் பூசி, 3 முதல் 5 நிமிடம் விட்டு அலசவேண்டும்; கிழமைக்கு 2 தடவை, 4 கிழமை வரை. பூசியவுடன் கழுவுவோர் "மருந்து கேட்கவில்லை" என்று குறைப்படுவதுண்டு. சொடுகு தொற்றாது.

காதுக்குப் பின்னும் பிடரியிலும் அரிப்பு மிகுந்து, தட்டினால் விழாத வெள்ளை மணி மயிரில் ஒட்டியிருந்தால் அது ஈர். 1 வீத பெர்மெத்ரின் பூச்சைப் பூசி, பொரித்து வரும் பேனுக்காக 7 முதல் 10 நாளில் மறுபடி பூசவேண்டும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் புண்ணாகும், தீப்பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

பிள்ளையின் தலையில் வட்டமாக மயிர் முறிந்து, கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அது பூஞ்சைப் படையாக இருக்கலாம். ஷாம்பு மட்டும் போதாது, குளிசை வேண்டும். முழங்கையிலும் முழங்காலிலும் கூட வெள்ளிச் செதிள் இருந்தால் சொரியாசிஸ் என்று சந்தேகிக்கவேண்டும். இவை இரண்டையும் வைத்தியரே பார்க்கவேண்டும்.

ஏமாறும் இடங்கள்

"ஒரு பூச்சு தாங்கோ" என்று பார்மசியில் கேட்டு வாங்கும் ரியூப்பில் குளோபெற்றசோல் போன்ற பலமான ஸ்டீராய்டு இருக்கலாம். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். பூஞ்சைப் படையோ உள்ளுக்குள் பரவும். வைத்தியரின் துண்டு இல்லாமல் வாங்காதீர்கள். பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி ஒன்றும் இல்லாத எண்ணெய்ப் போத்தலும் இதே வகைதான். கறுப்புத் தலைச்சாயம் பூசியபின் அரிப்பும் வீக்கமும் வந்தால், அதிலுள்ள பாரா-பினைலீன்டையமின் ஒத்துக்கொள்ளவில்லை எனலாம். எந்தச் சாயத்தையும் முதலில் காதுக்குப் பின் சிறிது பூசி 48 மணித்தியாலம் பாருங்கள்.

உங்கள் உரிமை

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். பொருள் பழுதென்றால் வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம், தொலைபேசி 1977. பற்றுச்சீட்டும் வெறும் போத்தலும் உங்கள் சாட்சிகள், எறிந்துவிடாதீர்கள். மருந்து பற்றிய முறைப்பாடு, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்குரியது. சித்த வைத்தியம் நாடுவோர், வைத்தியர் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்கவேண்டாம்.

சுண்ணாம்பு நம் நிலத்தின் குணம். ஆனால் கிணற்றில் எண்ணெய் மணத்தாலோ நிறம் மாறினாலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், அங்கு மின்நிலையம் நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

சீழ், காய்ச்சல், மயிர் உதிர்வு ஏதாவது கண்டால் உடனே வைத்தியரிடம் போங்கள். இவை இல்லாவிட்டாலும் 4 கிழமையில் மாறாத அரிப்பைக் காட்டவேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையின் தோல் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. போகும்போது இதுவரை பூசிய ரியூப்புகளையும் போத்தல்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். என்ன பூசினீர்கள் என்று தெரிந்தால்தான் வைத்தியருக்கு நோயை அறிவது எளிதாகும்.