காருக்கு ஏற்ற சில்லும் ரயரும்

வட்டத்தின் விட்டத்தை 22/7 ஆற் பெருக்கினால் பரிதி வரும் என்பதை நாம் எல்லோரும் கல்லூரி வகுப்பறையிற் கற்றோம். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே இது எதற்கு உதவும் என்று அன்று எம்முட் பலர் மனத்துள் வினாவியதும் உண்டு. காருக்குப் புதிய ரயரும் சில்லும் வாங்கச் செல்லும் ஒருவருக்கு அவ்வாய்பாடே முதற்றுணையாகும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

எம் பழைய மாணவருள் இளையோர் பலர் ஸ்போட்ஸ் செடான் எனப்படும் காரை விரும்புகின்றனர். நான்கு கதவும் குடும்பத்துக்குப் போதிய இருக்கையும் உடையதாய், அதேவேளை வளைவுகளிற் பிடிப்போடும் விரைவோடும் செல்லுமாறு அமைந்தது இவ்வகைக் கார். செர்மனியின் மியூனிக் நகரத்து பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1998 இல் அறிமுகஞ் செய்த '3 சீரீஸ்' கார், 'ஈ 46' என்னுங் குறியீட்டால் அறியப்படுவது, இதற்கு நல்ல உதாரணம். அது புதிதாய் விற்கப்பட்ட காலம் கழிந்துவிட்டது. ஆயினும், பழைய காராக வாங்கிப் பேணி ஓட்டுவோர் இலங்கையிலும் பிற நாடுகளிலும் உளர். அவர்கள் காரை வாங்கியதும் செய்யும் முதற்செலவு பெரும்பாலும் சில்லுக்கும் ரயருக்குமே. ஆதலின் அக்காரையே எடுத்துக்கொள்வோம். ரயர் பூட்டப்படும் உலோக வட்டத்தையே இங்கே 'சில்லு' என்கின்றோம்.

முதலில், ரயரின் பொறுப்பு எத்தகையது என்பதை உணர்தல் வேண்டும். இக்காரின் நிறை ஏறக்குறைய 1400 கிலோ. நால்வரும் அவர்தம் பொதிகளும் ஏறினால் 1700 கிலோ எனக் கொள்ளலாம். அதனை நான்கு ரயர்களும் பங்கிட்டால் ஒன்றுக்கு 425 கிலோ. உள்ளே இருக்கும் காற்று சதுரச் சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ வீதம் தாங்குகின்றது. வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு ரயரும் தரையைத் தொடும் பரப்பு 185 சதுரச் சென்ரிமீற்றர் அளவிலேயே நிற்கும். அஃதாவது விரல்களோடு சேர்ந்த ஒரு கையின் பரப்பு. எஞ்சினின் வலிமையும் பிறேக்கின் வலிமையும் சுக்கானின் திருப்பமும் இந்த நான்கு கைகளின் வழியாகவே தரையை அடைகின்றன. எத்துணை விலையுயர்ந்த பிறேக்கும் இந்நான்கும் பிடித்த அளவுக்கே காரை நிறுத்தும்.

இனி, ரயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பதை வாசிப்போம். இக்காருக்குத் தொழிற்சாலையிற் பூட்டப்பட்ட அளவுகளுள் ஒன்று '205/55 ஆர் 16'. 205 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 55 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தின் நூற்று வீதமாக. 'ஆர்' என்னும் எழுத்து றேடியல் அமைப்பைக் குறிக்கும். பிரான்சு நாட்டு மிஷலின் நிறுவனம் 1946 இற் காப்புரிமை பெற்ற இவ்வமைப்பே இன்று கார்களிற் பொதுவழக்கு. 16 என்பது சில்லின் விட்டம், அங்குலத்தில். கணக்கிட்டுப் பார்ப்போம். 205 இன் நூற்றுக்கு 55 பங்கு 112.75, மேலும் கீழுமாக இரு மடங்கு 225.5. பதினாறு அங்குலம் 406.4 மில்லிமீற்றர். இரண்டையுங் கூட்டினால் முழு விட்டம் ஏறக்குறைய 632 மில்லிமீற்றர். 22/7 ஆற் பெருக்கினால், சில்லு ஒரு முறை சுழலக் கார் 1986 மில்லிமீற்றர் தூரஞ் செல்லும்.

இதே காருக்கு 17 அங்குலச் சில்லில் 225/45 ரயரும் தொழிற்சாலையிற் பூட்டப்பட்டது. அதன் விட்டம் 634. 18 அங்குலச் சில்லில், முன்னே 225/40 உம் பின்னே 255/35 உம் பூட்டப்பட்டன. முன்னது 637, பின்னது 636. சில்லு இரண்டு அங்குலம் பெருத்தும் முழு விட்டம் ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் மாறவில்லை. சில்லு பெருக்கும்போது ரயரின் பக்கச் சுவர் குறைகின்றது, அவ்வளவே. அளவு மாற்ற விரும்புவோர் மறக்கலாகாத விதி இதுவே: முழு விட்டம் மாறலாகாது. ஒருவர் 225/45 இற்குப் பதிலாக 225/50 ஆர் 17 ஐப் பூட்டினால் விட்டம் 657 ஆகிவிடும். பதினாறு அங்குல அளவோடு ஒப்பிட்டால், வேகமானி 100 கிலோமீற்றர் எனக் காட்டுகையிற் கார் 104 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். அன்றியும், ஒவ்வொரு சில்லும் சுழலும் வேகத்தை ஒப்புநோக்கியே, பிறேக் பிடிக்கையிற் சில்லு இறுகாது காக்கும் கருவி வேலை செய்கின்றது. முன்னும் பின்னும் ஒவ்வா விட்டமுடைய ரயர்களைப் பூட்டினால் அக்கருவி தவறான செய்தியைப் பெறும்.

அவ்வாறாயின் பதினாறா, பதினேழா, பதினெட்டா? பெரிய சில்லுக்குக் கண்கவர் தோற்றம் உண்டு. குறுகிய பக்கச் சுவர் வளைவிற் குறைவாக நெளிவதால், சுக்கானைத் திருப்பியதும் கார் உடனே திரும்பும். இவை உண்மையான நன்மைகள். ஆனால், பதினாறில் 113 மில்லிமீற்றராக இருந்த பக்கச் சுவர் பதினெட்டில், முன்னே, 90 ஆகிவிடுகின்றது. வீதியிலுள்ள குழியின் விளிம்பில் மோதும்போது அதிர்ச்சியை ஏற்பது அச்சுவரும் அதனுள் இருக்குங் காற்றுமே. அது குறைந்தால் மோதல் சில்லின் விளிம்பையே தாக்கும். விளிம்பு வளையும், சில வேளை வெடிக்கும். மேலும், பெரிய சில்லு பெரும்பாலும் நிறை கூடியது. சில்லின் நிறை காரின் சுருள்வில்லுக்குக் கீழே இருப்பது. அந்நிறை கூடினால், மேடுபள்ளத்துக்கு ஏற்ப ரயர் விரைவாக எழுந்து தாழ்ந்து தரையைப் பற்றியிருக்க இயலாது. முன்னும் பின்னும் வேறுவேறு அளவுள்ள ரயர்களை இடம் மாற்றிப் பூட்டித் தேய்வைச் சமப்படுத்தவும் முடியாது. எமது கருத்தில், குழி மலிந்த வீதிகளில் ஓடுவோருக்குப் பதினாறே நன்று. செப்பமான வீதிகளில் ஓடுவோர் பதினேழு வரை செல்லலாம். பதினெட்டு, வழுவழுப்பான நெடுஞ்சாலைகள் உள்ள நாட்டாருக்கு உரியது.

ரயரை விடச் சில்லிலேதான் ஏமாற்றம் அதிகம். சில்லு காரிற் பொருந்துவதற்கு மூன்று அளவுகள் ஒத்திருத்தல் வேண்டும். முதலாவது, திருகாணித் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும். இக்காருக்கு ஐந்து துளைகள், 120 மில்லிமீற்றர் வட்டம். இரண்டாவது, நடுத் துளை. அச்சின் முனையிலுள்ள குடத்தின் மேற் சில்லு அமரும் துளை இது, இக்காருக்கு 72.6 மில்லிமீற்றர். மூன்றாவது, ஓப்செற் எனப்படும் இடைத்தூரம். சில்லின் அகலத்துக்கு நேர்நடுவே ஒரு கோடு கீறினால், குடத்தோடு ஒட்டும் முகம் அக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளிப்புறமாக உள்ளது என்பதே அது. சில்லின் உட்புறத்தில் 'ஈ.ரி.' என்னும் எழுத்துக்களோடு பொறித்திருக்கும். இக்காரின் பதினாறு, பதினேழு அங்குலச் சில்லுகளுக்குப் பொதுவாக 47 மில்லிமீற்றர். இவ்வெண் குறையக் குறையச் சில்லு காரின் உடலுக்கு வெளியே தள்ளி நிற்கும்.

இதனை நாம் நூலிலன்றி வீதியிலேயே கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் எமது காருக்குப் பழைய சில்லுகள் நான்கைக் கொழும்பில் ஒருவரிடம் வாங்கினோம். பார்வைக்கு அழகியவை, பதினேழு அங்குலம், "ஐந்து துளையும் அப்படியே பொருந்தும், ஐயா" என்றார் விற்றவர். துளைகள் பொருந்தவே செய்தன. புதிய ரயர்களைப் பூட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு ஐவராய் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டோம். ஏ 9 வீதியில் வேகம் 70 கிலோமீற்றரை அணுகியதும் சுக்கான் வளையம் கையில் நடுங்கிற்று. பின்னே ஏதோ உரசும் ஓசையும் இடையிடையே கேட்டது. வீதியின் குறையென எண்ணிச் சென்றோம். முறிகண்டியில் நிறுத்திப் பிள்ளையாரை வணங்கியபின், பிள்ளைகள் கச்சான் வாங்கச் சென்ற வேளையிற் பின் சில்லைக் குனிந்து பார்த்தோம். ரயரின் வெளித்தோள் மட்காட்டின் விளிம்பிற் பட்டுச் சுற்றிவரச் சீவப்பட்டிருந்தது. ஓரிடத்தில் உள்ளிருக்கும் நூலிழையே தெரிந்தது. இன்னும் சிறிது தூரம் அவ்வாறே சென்றிருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை இன்று எண்ணினும் உடல் நடுங்கும்.

பின்னர் விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. அவை அதே நிறுவனத்தின் பெரிய காராகிய '5 சீரீஸ்', 'ஈ 39' இற்கு உரிய சில்லுகள். துளை வட்டம் அதற்கும் 120 தான். ஆனால் நடுத் துளை 74.1, ஓப்செற் 20. நடுத் துளையில் ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளி இருந்தமையாற் சில்லு குடத்தின் நேர்நடுவில் அமரவில்லை. நடுக்கம் அதனால் வந்தது. ஓப்செற் 27 மில்லிமீற்றர் குறைந்தமையாற் சில்லு அவ்வளவுக்கு வெளியே நின்றது. ஐவரின் பாரத்தாற் கார் தாழ்ந்தபோது உரசல் வந்தது. நடுத் துளையின் இடைவெளியைத் தக்க வளையம் இட்டு நிரப்பலாம்; இந்த ஓப்செற்றுக்கோ மருந்து இல்லை. துளை பொருந்துவதாற் சில்லு பொருந்தியதாகாது என்பதே நாம் கொடுத்த விலைக்குப் பெற்ற பாடம்.

ரயரின் அளவுக்குப் பின்னால் '91 வி' போன்ற குறியும் இருக்கும். 91 என்பது ஒரு ரயர் தாங்கக்கூடிய உச்சப் பாரம் 615 கிலோ என்பதைக் குறிக்கும். 94 எனில் 670 கிலோ. எழுத்து வேகத்தைக் குறிக்கும்: 'எச்' மணிக்கு 210 கிலோமீற்றர், 'வி' 240, 'டபிள்யூ' 270. நாம் அவ்வேகத்தில் ஓடப்போவதில்லையே என்று குறைந்த எழுத்தை வாங்குவது தகாது. உயர்ந்த எழுத்துடைய ரயர் வெப்பத்தைத் தாங்கும் வண்ணம் அமைக்கப்பட்டது; வெப்பமே ரயரின் முதற்பகைவன். காரைச் செய்தோர் குறித்த இரண்டுக்கும் குறையாமல் வாங்குதல் வேண்டும்.

அடுத்தது இறப்பர். 1876 இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து எமது நாட்டின் கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்த கன்றுகளிலிருந்தே இலங்கையில் இறப்பர்ப் பயிர் பரவிற்று. இன்றைய ரயரில் இயற்கை இறப்பரோடு செயற்கை இறப்பரும் கரியும் சிலிக்காவும் கலக்கின்றன. ஒரே அளவுள்ள இரு ரயர்கள் மழையில் வெவ்வேறு தூரத்தில் நிற்பதற்கு இக்கலவையும் ஒரு முக்கிய காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் ரயர்களுக்குத் தரச்சீட்டு ஒட்டப்படுகின்றது. 2021 இல் திருத்திய முறைப்படி, ஈரத்தரைப் பிடிப்பு 'ஏ' முதல் 'ஈ' வரை தரப்படுத்தப்பட்டுள்ளது. விலையையும் தேய்வையும் பார்க்குமுன் இவ்வெழுத்தையே பார்க்க. கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் எம் அன்பர்கள் வேறொன்றையுங் கவனிப்பார்களாக: ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழே கோடைகால ரயர் இறுகிப் பிடிப்பை இழக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம்.

ரயருக்கு வயதும் உண்டு. பக்கச் சுவரில் 'டி.ஓ.ரி.' என்னும் எழுத்துக்களோடு தொடங்கும் வரியின் இறுதி நான்கு இலக்கங்களைப் பார்க்க. 2319 என்றிருந்தால், 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். தவாளிப்பு ஆழமாயிருந்தாலும் வெயிலில் வருடக்கணக்காய்க் கிடந்த ரயர் இறுகி வெடிப்புறும். புதிய ரயரின் தவாளிப்பு ஏறக்குறைய 8 மில்லிமீற்றர். ஐரோப்பிய நாடுகளிற் சட்டம் விதிக்கும் எல்லை 1.6. ஆனால் நீரை வெளியேற்றும் ஆற்றல் அதற்கு நெடுநாள் முன்னரே குன்றிவிடும். 3 மில்லிமீற்றரிற் புதியது வாங்குதல் விவேகம்.

இரண்டு ரயர் மட்டும் வாங்க இயலுமாயின், அவற்றைப் பின்னே பூட்டுக. முன்னே பூட்டுவதே நன்று என்று பலரும் எண்ணுவர். மழையில் முன் சில்லு வழுக்கினாற் கார் நேரே செல்லும். வேகத்தைக் குறைத்து மீளலாம். பின் சில்லு வழுக்கினாற் கார் சுழன்றுவிடும். சாதாரண சாரதி அதனை மீட்டல் அரிது. திருகாணிகளை ஒன்றுவிட்டு ஒன்றாய், இக்காருக்குரிய 120 நியூற்றன் மீற்றர் அளவில், அளவுகாட்டுஞ் சாவியாலேயே முறுக்குதல் வேண்டும். நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி சோதிக்க. காற்றழுத்தம், கார் ஓடி வெப்பமேறுமுன் அளக்கப்பட வேண்டியது.

கையிலுள்ள பணம் அளவானதாயின், முதலில் நல்ல ரயருக்குச் செலவிடுக. பழைய சில்லு வளையாதும் வெடிக்காதும் இருப்பின் அதுவே போதும். மீதி இருந்தாற் சில்லின் அழகைப் பார்க்கலாம். நாளைக் காலை வெயில் ஏறுமுன், இம்மலரை வாசித்த அன்பர்கள் தத்தம் காரின் சாரதிக் கதவைத் திறந்து, பக்கத் தூணில் ஒட்டியுள்ள அளவையும் அழுத்தத்தையும் வாசித்து, குனிந்து நான்கு ரயர்களின் ஆண்டையும் பார்ப்பார்களாயின், நாம் எழுதியதன் பயன் நிறைவேறியதாகும்.