பிக் பாயைக் கழற்றிப் பார்க்கலாம், வாங்க!

மெல்ல உள்ளே வாங்க. ஃபேனை மட்டும் போட்டுடாதீங்க, மேஜை முழுக்கக் கடுகளவு ஸ்குரு! துணிமேல் மல்லாந்து கிடக்கிறதே, அதுதான் யூனியன் பசிபிக் ரயில்வேயின் 4-8-8-4 நீராவி எஞ்சின், பிக் பாய். 1941லும் 1944லுமாக அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில் மொத்தம் 25 செய்தார்கள். யாரோ ஒரு தொழிலாளி முகப்பில் சாக்பீஸால் எழுதிவைத்த பெயர்தான் நிலைத்தது என்பார்கள். பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்துவரும் டெண்டரோடு சேர்த்து 40 மீட்டருக்கும் மேல் நீளம். இங்கே கிடப்பது அதன் எச்.ஓ. அளவு மாடல், நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. பூக்காரம்மா கணக்கில் சொன்னால், ஒரு முழம்!

இதோ, பாய்லரைத் தூக்குகிறேன். பார்த்தீங்களா? நட்டநடுவே ஒரே ஒரு மோட்டார். முன்னும் பின்னும் நீளும் தண்டுகள் இரண்டு சக்கரக் கூட்டங்களையும் சுற்றுகின்றன. எட்டு எட்டாகப் பதினாறு சக்கரம்!

இப்போதுதான் ரகசியம். நிஜ பிக் பாயில் பின்கூட்டம் பாய்லரோடு அசையாமல் பிணைந்தது. முன்கூட்டம் மட்டும் கீல்போட்ட கதவு மாதிரி பக்கவாட்டில் திரும்பும். அந்த ஒரு கீலை வைத்துக்கொண்டே ஏறக்குறைய 87 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அது திரும்பிவிடும். 87ல் ஒரு பங்கு என்றால்? ஒரு மீட்டர்! ஆனால் நம் வீட்டு மேஜையில் அவ்வளவு இடம் ஏது? என் வளைவின் ஆரம் 22 அங்குலம்தான். அதனால் இந்த மாடலில் பின்கூட்டத்துக்கும் ஒரு கீல். விரலால் தள்ளிப் பாருங்கள், இரண்டும் ஆளுக்கொரு பக்கம் நெளிகின்றன! நிஜத்தால் முடியாத வளைவில் இந்தக் குட்டி போகும். இதை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சக்கரத்தை மட்டும் கழற்றாதீங்க. நான் ஒருமுறை கழற்றினேன். ஒரே அச்சின் வலது, இடது சக்கரங்களில் கம்பி மாட்டும் முளைகள் ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி நிற்க வேண்டும். நான் திரும்ப அழுத்தியபோது ஒரு மயிரிழை பிசகிவிட்டது. எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் நொண்டி நொண்டி நடந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு ராத்திரி ஆனது. மூன்றாம் நாள் வழுக்கிக்கொண்டு ஓடியது பாருங்கள், அப்படி ஒரு சந்தோஷம்!

இன்னொரு குறும்பும் காட்டுகிறேன். நிஜத்தில் இரண்டு கூட்டங்களையும் இணைக்கும் பல்சக்கரம் எதுவும் கிடையாது. அதனால் இரண்டின் ‘சுக்… சுக்…’ சில நேரம் சேர்ந்து அதிரும், சில நேரம் விலகி இரட்டிப்பு வேகத்தில் படபடக்கும். மாடலில் ஒரே மோட்டார், ஆரம்பத்தில் எப்படி மாட்டினோமோ அப்படியே கடைசிவரை. ஆகவே தண்டைச் சொருகும் முன் முன்சக்கரங்களைக் கொஞ்சம் திருப்பிவைத்துவிடுவேன். கம்பிகள் ராணுவ அணிவகுப்பு மாதிரி இல்லாமல் தனித்தனியாகச் சுழலும். கண்ணுக்கு அதுதான் உயிர்.

சரி, மூடியாச்சு. தண்டவாளத்தில் ஏற்றுகிறேன். வளைவில் பாய்லரின் மூக்கு வெளிப்பக்கம் எட்டிப்பார்க்கும். அதற்காகவே சுரங்க வாயை இரண்டு தடவை அட்டையில் வெட்டி ஒத்திகை பார்த்தேன். போன தடவை சிக்னல் கம்பத்தைச் சாய்த்துவிட்டது.

குனிந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவாங்க. இதோ வருகிறது… முன்சக்கரங்கள் வளைவுக்குள் திரும்பியாச்சு, பாய்லர் இன்னும் நேரே எங்கேயோ பார்க்கிறது… மூக்கு சுரங்க வாயை உரசாமல்… போச்சு, உள்ளே போச்சு! அந்தப் பக்கம் ஓடுங்க, வெளியே வரப்போகிறது!