நடுவழியில் எஞ்சின் நின்றால்...

'யானைக்கும் அடி சறுக்கும்' என்பது பழமொழி. யானையைப் போல வலிமை வாய்ந்த மோட்டார் வண்டிக்கும் இது பொருந்தும். காலையில் கழுவித் துடைத்து, பெட்ரோல் நிரப்பி, குடும்பத்துடன் மகிழ்ச்சியாகப் புறப்பட்ட கார், நெடுஞ்சாலையின் நடுவே திடீரென்று உயிரற்றுப் போவதுண்டு. எஞ்சின் ஓசை அடங்குகிறது. ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கிறது. முகப்பில் சிவப்பு விளக்குகள் எரிகின்றன. பின்னால் வரும் லாரியின் ஹாரன் காதைத் துளைக்கிறது. அந்தச் சில விநாடிகளில் ஓட்டுபவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே வண்டியில் உள்ள அனைவரின் நலமும் அமைகிறது.

எஞ்சின் ஏன் நிற்கிறது? அது நிற்கும்போது அதனுடன் வேறு எவையெல்லாம் நின்றுபோகின்றன? நமக்குக் கைகொடுக்க எவை மீதம் இருக்கின்றன? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். 'கார் அப்பாவின் காரியம், நமக்கு எதற்கு?' என்று தோழியர் எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உலகிலேயே முதன்முதலாகக் காரில் நெடும்பயணம் சென்றவரும், வழியில் அதன் பழுதைத் தம் கையாலேயே நீக்கியவரும் ஒரு பெண்மணிதான்!

எஞ்சின் கேட்கும் மூன்று

அடுப்பு எரிய விறகு வேண்டும், காற்று வேண்டும், பற்றவைக்க நெருப்பு வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லாவிட்டாலும் அடுப்பு எரியாது. பெட்ரோல் எஞ்சினும் இப்படிப்பட்ட ஓர் அடுப்புதான். ஜெர்மானியரான நிக்கோலஸ் ஓட்டோ 1876 ஆம் ஆண்டில் உருவாக்கிய நான்கு வீச்சு எஞ்சினின் முறையே இன்றும் நம் கார்களில் கையாளப்படுகிறது. முதல் வீச்சில் பெட்ரோலும் காற்றும் சிலிண்டருக்குள் இழுக்கப்படுகின்றன. இரண்டாம் வீச்சில் பிஸ்டன் அக்கலவையை அழுத்துகிறது. அப்போது ஸ்பார்க் பிளக் தீப்பொறியை உண்டாக்க, கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. இதுவே வலிமை தரும் மூன்றாம் வீச்சு. நான்காம் வீச்சில் புகை வெளியேறுகிறது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை மிகுதியாக அழுத்துவதால் உண்டாகும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது.

நான்கு சிலிண்டர் கொண்ட பெட்ரோல் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3000 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரிலும் தீப்பொறி தோன்ற வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு விநாடிக்கு 100 தடவை தீப்பொறி தோன்றுகிறது! பெட்ரோல், காற்று, தீப்பொறி என்ற மூன்றில் ஒன்று தடைப்பட்டாலும் எஞ்சின் நின்றுவிடுவதில் வியப்பில்லை. இத்தனை தடவை தவறாமல் நடப்பதே வியப்பு.

முதல் பயணமும் முதல் பழுதும்

முதல் மோட்டார் வண்டியை உருவாக்கிய கார்ல் பென்ஸ் 1886 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கோரினார். ஆனால் மக்கள் அவ்வண்டியை நம்பி வாங்க முன்வரவில்லை. 1888 ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், அவருடைய மனைவி பெர்தா பென்ஸ், கணவரிடம் கூறாமலே, தம் இரு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து தம் தாய் வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். தூரம் ஏறத்தாழ 106 கிலோமீட்டர். மூத்த மகன் ஆய்கனுக்கு அப்போது வயது பதினைந்து. எங்கள் வயதுதான்!

வழியில் எரிபொருள் தீர்ந்தது. அக்காலத்தில் பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில், துணிக்கறை நீக்க விற்கப்பட்ட லிக்ராய்ன் என்னும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது, தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது, காலுறையைக் கட்டும் பட்டையைச் சுற்றி அதைக் காத்தார். மேடு ஏற முடியாத இடங்களில் பிள்ளைகள் வண்டியைத் தள்ளினர். இப்பயணத்திற்குப் பின், மேடு ஏறுவதற்கென்று இன்னொரு கியர் தேவை என்று கணவருக்கு எடுத்துரைத்தவரும் அவரே.

குழாய் அடைப்பு எரிபொருள் பழுது. கம்பியுறை தேய்ந்தது தீப்பொறிப் பழுது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டன. இன்றைய மெக்கானிக்கும் நின்றுபோன வண்டியில் முதலில் தேடுவது இவ்விரண்டையும்தான்.

நிற்பதற்கான காரணங்கள்

கார்புரேட்டர் பொருத்திய பழைய அம்பாசடர் போன்ற கார்களில் சென்ற பெரியவர்களைக் கேட்டால், மலைப்பாதையில் வண்டி 'மக்கர்' செய்த கதைகளைச் சொல்லுவார்கள். அவ்வண்டிகளில் பெட்ரோல் பம்பு எஞ்சினை ஒட்டியே இருந்தது. கடும் வெயிலில் மேடு ஏறும்போது சூட்டினால் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும். நீர்மத்தைத் தள்ளும் பம்பினால் ஆவியைச் சரிவரத் தள்ள இயலாது. வண்டி நின்றுவிடும். பம்பின் மீது ஈரத்துணியைப் போட்டு ஆறவைத்தபின் மீண்டும் புறப்படுவார்கள். இன்றைய கார்களில் மின்சாரத்தால் இயங்கும் பம்பு பெட்ரோல் டாங்கியின் உள்ளேயே இருந்து அழுத்தத்துடன் அனுப்புவதால் இத்தொல்லை அரிதாகிவிட்டது. ஆயினும் அந்தப் பம்பு பழுதடையலாம்; ஃபில்டரில் அழுக்கு சேரலாம். அப்போது சமதரையில் ஒழுங்காக ஓடும் வண்டி மேட்டில் இழுக்க மாட்டாமல் திணறும்.

இரண்டாவது மின்சாரம். பேட்டரியின் வேலை வண்டியைக் கிளப்பிவிடுவது. ஓடும்போது மின்சாரம் தருவது, பெல்ட்டினால் சுழலும் ஆல்டர்னேட்டர். அது பழுதானால் முகப்பில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரியும். அதைப் பொருட்படுத்தாமல் சென்றால், பேட்டரியில் உள்ளது தீர்ந்ததும் எஞ்சின் நின்றுவிடும். பொதுவாக, குலுங்கிக் குலுங்கி நிற்கும் வண்டிக்கு எரிபொருள் குறையும், விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று நிற்கும் வண்டிக்கு மின்சாரக் குறையும் இருக்கக்கூடும்.

மூன்றாவது வெப்பம். ரேடியேட்டரில் நீர் குறைந்தாலோ, விசிறி சுழலாவிட்டாலோ எஞ்சின் கொதித்துப் போகும். வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் உடனே ஓரம் கட்டுவதே அறிவுடைமை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். இதை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

நான்காவது மழைநீர். 2015 டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. தேங்கிய நீரில் செல்லும்போது காற்று புகும் வழியே நீர் சிலிண்டருக்குள் சென்றுவிடலாம். அழுத்தினால் காற்றின் பருமன் குறையும் என்பதைப் பாயில் விதியில் படித்திருக்கிறோம். நீரோ அவ்வாறு அழுந்தாது. அழுத்த வரும் பிஸ்டன் பாறையில் மோதியதுபோல் நிற்க, அதைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடுகிறது. ஆகவே, நீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் மீண்டும் செல்ஃப் போட்டுக் கிளப்ப முயல்வது பெருங்கேடு. அதைத் தள்ளி மேட்டில் ஏற்றி மெக்கானிக்கை அழைப்பதே முறை.

இனி, எஞ்சின் நிற்காமல் வலிமை மட்டும் குன்றுவதும் உண்டு. இக்கால எஞ்சினைக் கணிப்பொறி ஒன்று கண்காணிக்கிறது. ஏதேனும் ஓர் உறுப்பு தவறான செய்தி தந்தால், அக்கணிப்பொறி எஞ்சினைக் காக்கும் பொருட்டு அதன் வலிமையைக் குறைத்து, மெல்ல ஊர்ந்து செல்லும் அளவுக்கே அனுமதிக்கிறது. காய்ச்சல் கண்ட பிள்ளையை ஓடவிடாமல் அமர்த்திவைக்கும் அன்னையைப் போன்றது இது!

எவை போகும்? எவை இருக்கும்?

எஞ்சின் நின்ற அந்த விநாடியே கார் நின்றுவிடுவதில்லை. நிலைமத்தின் காரணமாக அது தொடர்ந்து உருண்டுகொண்டே இருக்கும். அந்த ஓட்டமே வண்டியைச் சாலையோரம் சேர்க்க நமக்குக் கிடைக்கும் மூலதனம்.

பிரேக் போய்விடுமா? போகாது. பிரேக் மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது குழாயில் உள்ள எண்ணெய். இது பாஸ்கல் விதிப்படி இயங்குவது. எஞ்சின் ஓட வேண்டிய தேவை இல்லை. ஆனால் நம் கால் வலிக்காமலிருக்கத் துணைசெய்யும் அமைப்பு ஒன்று உண்டு. அது எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தால் இயங்குகிறது. எஞ்சின் நின்றபின் ஓரிரு தடவை மிதிப்பதற்கு மட்டுமே அந்த வெற்றிடம் சேமிப்பில் இருக்கும். விட்டு விட்டு மிதித்தால் சேமிப்பு தீர்ந்து மிதி கல்லாகிவிடும். அப்போதும் பிரேக் பிடிக்கும். ஆனால் முழு பலத்துடன் மிதிக்க வேண்டும். இதை அறியாதவர், 'பிரேக் பிடிக்கவில்லையே!' என்று பதறிக் காலை எடுத்துவிடுகிறார். விபத்து அங்கேதான் பிறக்கிறது.

ஸ்டீயரிங்கும் அவ்வாறே. அதைத் திருப்ப எஞ்சினோ மின்மோட்டாரோ தரும் உதவி நின்றுபோகலாம். ஆனால் சக்கரத்துடன் உள்ள இணைப்பு அறுவதில்லை. இரு கைகளாலும் வலுவாகத் திருப்பினால் திரும்பும். ஆனால் ஓடும் வண்டியில் சாவியை முழுவதும் அணைத்து உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். அது பேராபத்து.

ஒரு சாவியின் கதை

'எஞ்சின் நின்றால் என்ன, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இருக்கின்றனவே' என்று அலட்சியமாக இருப்பதும் தவறு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைப் பழுது நீக்கத் திரும்ப அழைத்தது. சாவி போடும் ஸ்விட்சில் உள்ள சிறு வில் போதிய பிடிப்பு இல்லாமல் செய்யப்பட்டிருந்தது. கனமான சாவிக்கொத்து ஆடினாலோ, முழங்கால் பட்டாலோ, பள்ளத்தில் வண்டி குலுங்கினாலோ சாவி தானாகவே திரும்பிவிடும். ஓடும் வண்டியில் எஞ்சின் நின்றுவிடும்.

இக்குறை பல ஆண்டுகளுக்கு முன்பே அந்நிறுவனத்தாருக்குத் தெரியும். ஆயினும் வண்டியைத் திருப்பலாம், நிறுத்தலாம் என்பதால் இதை வெறும் வசதிக்குறைவாகக் கருதிவிட்டார்கள். சாவி திரும்பும்போது காற்றுப்பைகளுக்குச் செல்லும் மின்சாரமும் நின்றுபோகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. மோதும்போது உயிர்காக்க விரிய வேண்டிய பைகள் விரியவில்லை. இழப்பீடு வழங்க அமைக்கப்பட்ட நிதியம் 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. 2015 ஆம் ஆண்டில் 90 கோடி டாலர் செலுத்த அந்நிறுவனம் அமெரிக்க அரசுக்கு ஒப்புக்கொண்டது. செலுத்திய பணம் போன உயிர்களை மீட்டுத் தருமா? 'எஞ்சினோடு வேறு எது நிற்கிறது?' என்ற ஒரு கேள்வியை உரிய காலத்தில் கேட்காததன் விலை இது.

நாம் செய்ய வேண்டியவை

எஞ்சின் நின்றதும் ஓட்டுபவர் முதலில் ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் பற்ற வேண்டும். நான்கு மூலையிலும் மினுக்கும் அபாய விளக்கைப் போட வேண்டும். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றினால் வண்டி தடையின்றி உருளும். கண்ணாடியில் பின்னால் பார்த்து, மெல்ல இடப்புறம் ஒதுங்கி, பிரேக்கை ஒரே சீராக அழுத்தி நிறுத்த வேண்டும். நின்ற பிறகே சாவியை அணைக்க வேண்டும்.

உடன் செல்லும் நமக்கும் கடமை உண்டு. கூச்சலிடாமல் இருப்பது முதல் உதவி. வலப்புறக் கதவைத் திறக்காமல், இடப்புறமாக இறங்கி, தம்பி தங்கையரின் கையைப் பிடித்துச் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். காருடன் தரப்படும் சிவப்பு முக்கோணத்தை, பின்னால் வருவோர் தொலைவிலேயே காணும்படி வைக்க வேண்டும். இரவில் நெடுஞ்சாலையில் நிற்கும் வண்டிக்குள் அமர்ந்திருப்பது ஆபத்து. தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 என்ற எண்ணிலும், அவசர உதவிக்கு 112 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

புறப்படும் முன் எஞ்சின் எண்ணெய், ரேடியேட்டர் நீர், பெல்ட், பேட்டரி முனைகள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். இவ்வாண்டு விடுமுறைப் பயணத்துக்கு முன் தந்தையுடன் சேர்ந்து நாமும் இவற்றைப் பார்க்கலாமே! முகப்பில் எரியும் விளக்கு ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்பதைக் காருடன் வரும் கையேட்டில் படித்து, அன்னைக்கும் கற்றுத் தரலாம். இன்னும் மூன்று ஆண்டுகளில் நாங்களும் ஓட்டுநர் உரிமம் பெறும் வயதை எட்டிவிடுவோம்.

'பதறாத காரியம் சிதறாது' என்பர். பதறாமல் இரு என்று சொல்வது எளிது. ஆனால் கனத்துப்போன பிரேக்கும் பிடிக்கும் என்று தெரிந்தவர்தான் பதறாமல் அதை அழுத்துவார். எனவே, அறிந்துகொள்வோம்; அறிந்ததை வீட்டில் உள்ளோருக்கும் கூறுவோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி