கேலியை நம்பியவர்கள்

“சமாதானம் வந்தால் நாடு நிலைகுலையும், யுத்தம் தொடரவேண்டும்.” அமெரிக்காவில் 15 நிபுணர்கள் இரகசியமாகக் கூடி இப்படி முடிவெடுத்ததாகக் கூறும் ‘அயர்ன் மவுண்டன் அறிக்கை’யை வாசித்தபோது நானும் நம்பினேன். யுத்தத்தில் அண்ணனைப் பறிகொடுத்தவளுக்கு நம்புவதா கஷ்டம்?

1967இல் வெளிவந்த அந்நூல் முழுக்கக் கற்பனை. அரசுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர்களின் ஈரமற்ற மொழியைக் கேலிசெய்யவே லெனார்ட் லெவின் அதை எழுதினார். 1972இல் அவரே ஒப்புக்கொண்டார். இருந்தும், பின்னாளில் அங்குள்ள தீவிர வலதுசாரிகள் அதை அரச ஆவணமென்று சொல்லி, அவரைக் கேளாமலே அச்சிட்டு விற்றார்கள். அரச ஆவணத்துக்குப் பதிப்புரிமை இல்லையாம்! தன் கற்பனையைத் தன்னுடையதென்று காட்ட அவர் வழக்குப் போடவேண்டியதாயிற்று.

எனக்கு அந்நூலைத் தந்த அக்கா இன்னமும் அதை நம்புகிறார். நான் வாதாடவில்லை. அவருடைய மகன் இன்னும் வீடு திரும்பவில்லை.